காட்டில் பிழைத்த வாத்தியார்



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. "ஜப்பான்காரன் பிடியில் இருந்த மலாயாக் காட்டில் மூன்று வருஷத்துக்கு மேல் உயிர் பிழைத்த வீரர். இமயமலைச் சிகரம் ஏறியவர். பிறகு பள்ளித் தலைமையாசிரியர். எல்லாம் மனசுதான் காரணம்! உங்கள் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்." கீழே இரண்டு புலிப் படம், ஒரு கொடி, நான்கைந்து கைகூப்பும் பொம்மைகள். அதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் "சார், இது உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள். அதில் ஒருவருடைய மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு அதை அனுப்பலாமா என்பதுதான் அவருடைய கேள்வி என்று எனக்குப் புரிந்தது. குரல் பதிவில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால் இந்த நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வருஷம் வண்ணாரப்பேட்டையில் வரலாறும் புவியியலும் நடத்தியவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆள் உண்மை. பெயர் ஃபிரெடி ஸ்பென்சர் சாப்மன். 1907-இல் லண்டனில் பிறந்தவர். பிறந்த கொஞ்ச நாளிலேயே தாய் போய்விட்டார். தந்தை 1916-இல் பிரான்சில் சோம் போர்க்களத்தில் இறந்தார். வயதான ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் வளர்த்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்தார், கிரீன்லாந்துப் பனியில் ஆய்வுக் குழுவோடு ஒரு குளிர்காலம் கழித்தார், ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1936-இல் ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு லாசாவுக்குப் போனார். அடுத்த ஆண்டு மே மாதம் பூட்டான்–திபெத் எல்லையில் இருக்கும் சோமோல்ஹரி சிகரத்தின் உச்சியை அடைந்தார். 7,300 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நம் பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் கொடுங்கையூர் குப்பைமேடுதான். அதனால் கணக்கு சொல்கிறேன்: தொட்டபெட்டாவை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை அடுக்கி, அதற்கு மேல் இன்னும் முக்கால் தொட்டபெட்டா வைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு.

இங்கேயே அந்தச் செய்தி ஒரு ஆளை விழுங்கிவிட்டது. சாப்மன் உச்சிக்குத் தனியாகப் போகவில்லை. கூடவே போனவர் பாசாங் தாவா லாமா என்ற ஷெர்பா. இறங்கும்போது பாசாங் வழுக்கி விழுந்து இருவரும் சரிந்தார்கள். சாப்மன் பனிக்கோடரியைக் குத்தி நிறுத்தினார். அதன் பிறகு உணவும் நெருப்பும் சரியாக இல்லாமல் நாள்கணக்கில் தட்டுத் தடுமாறி இறங்கினார்கள். பாசாங் அதோடு நிற்கவில்லை. 1939-இல் கே-2 மலையில் உச்சிக்கு வெகு அருகில் வரை போனார். 1954-இல் உலகின் ஆறாவது உயரமான சோ ஓயு சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்தவர்களில் ஒருவர். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறிய இருவரில் ஒருவர் பெயர் மட்டும் சென்னை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

போர்க்கதைக்கு வருவோம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. எதிரி முன்னேறிய பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் தங்கி ரயிலையும் பாலத்தையும் தகர்ப்பது சாப்மனுக்கு இருந்த வேலை. இன்னும் இரண்டு ஆங்கிலேயர்களோடு சேர்ந்து, தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் இரண்டு வாரம் இரவு இரவாகப் போய் வெடி வைத்தார். ரயில்கள் கவிழ்ந்தன, பாலங்கள் இடிந்தன, லாரிகள் எரிந்தன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

எனக்கு அதில் முக்கியமானது வேறு. அந்த மூன்று பேரும் இரவில் நடமாட என்ன வேஷம் போட்டார்கள் தெரியுமா? தமிழர் வேஷம். முகத்திலும் கையிலும் விளக்குக் கரி, அயோடின், காப்பித்தண்ணி எல்லாம் கலந்து பூசிக்கொண்டு, வேட்டி கட்டி, தலையில் துணி சுற்றிக்கொண்டு போனார்கள். ஏன் தமிழர் வேஷம்? ரப்பர் தோட்டத்துக் கூலித் தமிழனை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துரைமார் ஒளிந்துகொள்ள நம் தோல் நிறம் பயன்பட்டது. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஒன்றும் வந்தது.

அதன் பிறகு வெடிமருந்து தீர்ந்தது. சாப்மன் காட்டுக்குள் போனார். சீனக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் முகாம்களில் தங்கி அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கேயும் வாத்தியார் வேலைதான். மலேரியா, நிமோனியா, புண், சீதபேதி எல்லாம் வந்தது. ஒரு சமயம் பதினேழு நாள் நினைவே இல்லாமல் கிடந்தார். அதற்கிடையிலும் டைரி எழுதினார், பறவைகளைக் குறித்தார், செடிகளைச் சேகரித்தார். 1944 மே மாதம் ஜப்பானியரிடம் பிடிபட்டு, அன்று இரவே கூடாரத்தின் அடியில் நழுவித் தப்பினார். 1945 மே மாதம் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு போனது. 1949-இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரை 'காடு நடுநிலையானது' என்று தமிழாக்கலாம். காடு உனக்கு நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. அதில் நீ பிழைப்பதும் சாவதும் உன் மனநிலையைப் பொறுத்தது என்பது அவர் கட்சி. காட்டில் சிக்கிய ஆங்கிலச் சிப்பாய்கள் பலர் நோயால் என்பதைவிட நம்பிக்கை இழந்ததால் செத்தார்கள் என்று அவர் நினைத்தார்.

வாட்ஸ்அப் செய்தி இந்த இடத்தில் கைதட்டிவிட்டு முடிந்துவிடுகிறது. எனக்கு இங்கிருந்துதான் பேச்சு ஆரம்பம்.

முதல் விஷயம். அவர் புத்தகத்தின் சாட்சியத்தை வைத்தே பார்த்தாலும் அவரைப் பிழைக்க வைத்தது மனம் மட்டும் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியவர்கள் சீனர்கள். காட்டில் வழி காட்டியவர்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆதிக்குடிகள். ஒரு வெள்ளைக்காரனுக்குச் சோறு கொடுத்தது தெரிந்தால் ஜப்பானியர் முழுக் கிராமத்தையும் கொளுத்துவார்கள், கொளுத்தவும் செய்தார்கள். அது தெரிந்தே கொடுத்தார்கள். சிப்பாய்கள் செத்ததற்கும் மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுக்குக் காடு தெரியாது, பாஷை தெரியாது, பலருக்குக் கஞ்சி ஊற்ற ஆள் கிடைக்கவில்லை. சாப்மனுக்கு முன்பே கிரீன்லாந்தில் பயிற்சி இருந்தது, மலையில் பயிற்சி இருந்தது. நன்றாகத் தேர்வு எழுதிய பையன் "தைரியம்தான் சார் காரணம்" என்பான். அவனுக்கு வீட்டில் மேஜை இருந்தது, மின்விசிறி இருந்தது, கேள்வித்தாள் புரட்டிப் பார்க்க அண்ணன் இருந்தான் என்பதை அவன் சொல்ல மாட்டான். பொய் சொல்வதற்காக இல்லை. அது அவன் கண்ணுக்குப் படுவதில்லை.

இரண்டாவது விஷயம். போருக்குப் பின் அவர் வாழ்க்கை முழுக்க முழுக்கக் கல்விதான். இளைஞர்களுக்கு மலையிலும் கடலிலும் பயிற்சி தரும் 'அவுட்வர்ட் பவுண்ட்' அறக்கட்டளையைத் தொடக்கத்தில் அவர்தான் நடத்தினார். 1948 முதல் ஜெர்மனியின் ப்ளோன் நகரில், அங்கிருந்த ஆங்கிலேயப் படையினரின் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியர். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளி. பிறகு தென்னாப்பிரிக்காவில் ஒரு கல்லூரிப் பள்ளி. அதன் பிறகு இங்கிலாந்தில் பெஸ்டலோசி குழந்தைகள் கிராமம். திபெத்திய அகதிக் குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள். லாசாவைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கடைசியாக ரீடிங் பல்கலைக்கழக விடுதிக் காப்பாளர்.

அந்தப் பதவியில் இருக்கும்போதே, 1971 ஆகஸ்டில், தம் 64-ஆவது வயதில் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பழைய காடு உடம்பை விட்டுப் போகவே இல்லை. முதுகுவலி, தலைவலி, வயிற்றுக் கோளாறு. ஓய்வுபெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவிக்கு எழுதி வைத்த கடிதத்தில், மீதிக் காலம் முழுவதும் ஒரு நோயாளியை அவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்ற பொருளில் எழுதியிருந்தார்.

குழுவில் வந்த செய்தியில் இது இல்லை. கதையின் சுவை கெட்டுவிடும் என்று யாரோ வெட்டியிருப்பார்கள். நான் வெட்ட மாட்டேன். அவர் கோழை என்று சொல்வதற்காகவும் இல்லை. சோமோல்ஹரி ஏறியவனைக் கோழை என்று சொல்ல நான் யார்? ராயபுரம் மேம்பாலம் ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. "எல்லாம் மனசுதான்" என்ற வாசகத்தை உலகத்துக்கே எழுதிக் கொடுத்தவருக்கே அந்த வாசகம் கடைசியில் போதவில்லை என்றால், பதினேழு வயதுப் பெண்ணின் கையில் அதைக் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாமா என்பதுதான் என் கேள்வி. வலியைத் தாங்கத் தெரிந்த மனிதர் அவர். வலிக்கிறது என்று இன்னொருவரிடம் சொல்லி, அவர் கையைப் பிடித்து நடக்கப் பழகவில்லை. கவனித்துக்கொள்ளப்படுவதை அவர் பாரம் என்று நினைத்தார். காட்டில் சீனக் கிழவர்கள் கஞ்சி ஊற்றியபோது அது பாரமாக இருந்திருக்காதே? வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் ஏன் பாரமானது?

இந்தச் சிந்தனையோடு இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் நம் குழுவில் ஒருமுறைகூட வந்ததில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

ராசம்மா பூபாலன். யாழ்ப்பாணத் தமிழ் வழியில் மலாயாவில் 1927-இல் பிறந்தவர். பேராக் மாநிலத்தின் ஈப்போவில் படித்தார். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து, பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றார். தலைமை ஏற்றவர் நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ரப்பர்ப் பால் எடுத்த கைகள். நிறையப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முகாமில்தான் கற்றுக்கொண்டார்கள். ராசம்மாவும் அவருடைய சகோதரி பொன்னம்மாவும் சேர்ந்தார்கள். ராசம்மாவுக்கு வயது பதினாறு. நம் பிளஸ் ஒன் பிள்ளை.

1944-இல் படைப்பிரிவு பர்மா போனது. போன வழியைக் கவனியுங்கள். சயாம்–பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர். அதைப் போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். போர்க்கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, சினிமாவே எடுத்தார்கள். நம்மவர்களுக்கு நெடுங்காலம் ஒன்றும் இல்லை. அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் இந்தத் தமிழ்ப் பெண்கள் விடுதலைப் போருக்குப் பயணம் செய்தார்கள். அதே காலத்தில் அதே பேராக் காட்டுக்குள் சாப்மன் ஜப்பானியரை எதிர்த்து ஒளிந்திருந்தார். ராசம்மாவின் படையோ ஜப்பானியரின் தோழமைப் படை. இவர்களில் யார் சரி என்று என்னிடம் மாணவர்கள் கேட்டால், கேள்வித்தாளில் 'சரியா தவறா' பகுதியில் இதைப் போட முடியாது என்பேன். ஆங்கிலேயனிடமிருந்து விடுதலை வேண்டும் என்பது உண்மை. ஜப்பானியன் நம் ஆட்களைத் தண்டவாளத்துக்கு அடியில் புதைத்தான் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லத் திராணி வேண்டும்.

இம்பால் முனையில் தோல்வி வந்தது. ஜான்சி ராணிப் படைக்கு முன்னணியில் நின்று சுடும் வாய்ப்பு வரவில்லை. காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். 1945 ஏப்ரலில் நேதாஜி ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, அவரோடு வந்த பெண்கள் குண்டு வீச்சுக்குப் பயந்து பகலில் பதுங்கி, இரவில் ஆற்றையும் சேற்றையும் கடந்து நாள்கணக்கில் நடந்தார்கள்.

ராசம்மா போருக்குப் பின் பட்டம் படித்து ஆசிரியரானார். அங்கேதான் அவருடைய அடுத்த சண்டை. அன்றைய மலாயாவில் ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே வேலை. ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் தொடங்கி அதன் தலைவரானார். கூட்டம், மனு, பேச்சுவார்த்தை, மறுபடி கூட்டம். அந்தப் பத்தாண்டுக்குள் சம ஊதியக் கொள்கையை அரசை ஏற்க வைத்தார்கள். பிறகு கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தார். சங்க வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காட்டில் நடப்பதைவிடச் சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது கஷ்டம். அதற்கு யாரும் பதக்கம் குத்த மாட்டார்கள். ஆனால் அந்தச் சண்டையின் பலன், ராசம்மாவின் பெயரே தெரியாத டீச்சரம்மாக்களின் வீட்டுக்கு மாதா மாதம் போய்ச் சேர்ந்தது.

எனக்கு இருவரில் யாரை அதிகம் பிடிக்கும் என்று கேட்டால் தயங்காமல் ராசம்மா என்பேன். தமிழச்சி என்பதற்காக மட்டும் இல்லை. சாப்மன் தன் பலத்தைத் தனக்குள் தேடினார், மற்றவர்களையும் அப்படியே தேடச் சொன்னார். ராசம்மா பக்கத்தில் இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, சட்டத்தையே மாற்றக் கேட்டார்.

நம் ஊர் உதாரணம் சொல்லட்டுமா? பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாள் என்றால் அந்தக் காலத்தில் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். தோற்ற பிள்ளை எங்கே போனான், காசிமேடு பக்கம் போனானா, கொருக்குப்பேட்டை தண்டவாளம் பக்கம் போனானா என்று நாங்களே சைக்கிளில் தேடிப் போயிருக்கிறோம். பிறகு உடனடித் துணைத் தேர்வு வந்தது. ஒரு வருஷம் வீணாகாது, அடுத்த மாதமே எழுதலாம். "அடுத்த மாசம் எழுதிக்கலாம்டா, வா டீ சாப்பிடலாம்" என்று நாங்கள் சொல்ல முடிந்தது. காலை வழிபாட்டுக் கூட்டங்களில் விடாமுயற்சி பற்றி நிகழ்ந்த அத்தனை சொற்பொழிவுகளையும் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். அந்த ஒற்றை அரசாணையை இன்னொரு தட்டில் வையுங்கள். எந்தத் தட்டு இறங்கும் என்று என்னைப் போன்ற பழைய வாத்தியார்களைக் கேளுங்கள்.

ஆகவே அந்தத் தகப்பனுக்கு என் பதில்: தம்பி, உன் மகளுக்குச் சாப்மன் கதையைச் சொல். கண்டிப்பாகச் சொல். பாசாங்கோடு சொல், கஞ்சி ஊற்றியவர்களோடு சொல், கடைசி வரைக்கும் சொல். சொல்லிவிட்டு, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டு, அவள் பதில் சொல்லும் வரைக்கும் போனைக் கீழே வை. வீட்டில் சொல்ல முடியாத விஷயம் என்றால் 104 என்ற அரசு எண் இருக்கிறது. நம் சென்னையிலேயே 1986 முதல் 'ஸ்நேகா' இருக்கிறது. அழைத்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும். இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. ஓய்வுபெற்ற என் வயதுக்காரர்கள், உறவுக்காரப் பெரியவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்ற பேச்சை நம் கல்யாண வீட்டுப் பந்திகளில் நான் அடிக்கடி கேட்கிறேன். அதைக் கேட்கும்போது எனக்கு 1971 ஆகஸ்ட்தான் ஞாபகம் வருகிறது. மச்சான்களே, முழங்கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். மருமகள் தைலம் தேய்த்தால் அவள் கை தேய்ந்து போகாது.

இன்னொரு வேண்டுகோள். மலாயாவும் பர்மாவும் நமக்கு வெளியூர் இல்லை. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை நம் துறைமுகத்திலிருந்து 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே காலியானபோது, என் தாத்தா குடும்பத்தைக் காஞ்சிபுரம் பக்கம் அனுப்பிவிட்டு ஹார்பர் வேலைக்காகத் தான் மட்டும் தங்கினார். பர்மாவிலிருந்து அதே வருஷம் லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்தார்கள். 1964-க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியேறினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். அத்தோ சாப்பிடுவதில் மட்டும் பர்மாவை ஞாபகம் வைத்துக்கொண்டால் எப்படி? உங்கள் பாட்டியின் தகர டிரங்குப் பெட்டியில் பழைய கப்பல் சீட்டு இருக்கலாம், ஜான்சி ராணிப் படைச் சீருடையில் யாராவது பெரியம்மாவின் போட்டோ இருக்கலாம், சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தாவின் பெயர் மட்டுமாவது இருக்கும்.

ஊர், வருஷம், உறவு முறை, யார் சொல்லக் கேட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதி, இருந்தால் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். எழுத வராதவர்கள் குரல் பதிவு போடுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி. மாடி ஏற முடியாதவர்கள் கீழிருந்தே குரல் கொடுங்கள், நான் இறங்கி வருகிறேன்.